ஒரு அங்குல எழுத்து

"முக்கால் அங்குலம்தான் இருக்கு ரமோனா! இந்த போர்டு செல்லாது!"

உச்ச நீதிமன்றமே தன் வாய் வழியாகப் பேசுவதுபோல ஹோலிஸ் தீர்ப்பளித்தார். கையில் அளவு டேப். இடுப்பில் மூடி போட்ட துப்பாக்கித் தோலுறை. டெக்சஸின் அந்தச் சின்ன ஊரில் அந்த உறை இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது.

ரமோனா தன் சாப்பாட்டுக் கடை வாசலுக்கு வந்தாள். 'துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது' என்ற பலகை அவள் தலைக்கு மேல் தொங்கியது.

"என் கடை, என் வாசல். பிள்ளைகுட்டிங்க சாப்பிட வர்ற இடம். வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்லையா?"

"தாராளமா இருக்கு! உன் உரிமைக்காக உயிரையே கொடுப்பேன். ஆனா அதை ஒரு அங்குல எழுத்துல எழுதணும்னு சட்டம் சொல்லுதே, நான் என்ன பண்ண?"

"பாழாப்போன அச்சுக்கடைக்காரன் சொதப்பிட்டான். உள்ள வந்து தொலைங்க, சட்டப் புலி. காபி ஆறுது."

வெற்றி வீரராக உள்ளே போய், கல்லாவுக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, பெக்கான் பருப்பு வைத்துச் சுட்ட 'பை' பலகாரமும் காபியுமாக ஒரு மணி நேரம் வாதாடினார். மனைவி நெல்டா இறந்து இரண்டு வருடம். வீட்டில் அவரோடு பேச மிச்சமிருப்பது ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். அதுவும் முனகும்.

அடுத்த திங்கட்கிழமை புதுப் பலகை. எழுத்து சரி, ஆனால் சட்டம் கேட்கும் ஸ்பானிஷ் வாசகம் இல்லை. செல்லாது! அதற்கடுத்த வாரம் ஸ்பானிஷ் வந்தது. ஆனால் வெள்ளையில் சாம்பல் எழுத்து. பளிச்சென்று தெரியவில்லை, செல்லாது! ஒவ்வொரு முறையும் தெருப்பக்கம் திரும்பி நின்று டேப்பை எடுப்பார், அளப்பார், தீர்ப்பளிப்பார்.

இன்று நாலாவது பலகை. கறுப்பு எழுத்து. இரண்டு மொழி. மூன்று தடவை அளந்தார். கச்சிதமாக ஒரு அங்குலம்.

"என்ன வக்கீலய்யா, வாயில கொழுக்கட்டையா?"

"எல்லாம் சரியா இருக்கு, ரமோனா."

"எல்லாமா?" அவள் முகம் வாடியதை அவர் கவனிக்கவில்லை. "அதனால என்ன, துப்பாக்கியை வண்டியில வச்சிட்டு வாங்களேன்."

"துப்பாக்கி இல்லாம எந்தக் கடையிலயும் கால் வைக்க மாட்டேன்னு ஊர்க் கூட்டத்துல மேஜையைத் தட்டிச் சொன்னவன் நான்!"

விறைப்பாக நடந்து போய் வண்டியில் ஏறினார். சாவியைத் திருகவில்லை. கண்ணாடி வழியே அந்த முக்காலி காலியாகத் தெரிந்தது.

ஐந்து நிமிடம் கழித்து வந்தவர், உறையைக் கழற்றிக் கல்லா மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே டேப் மட்டும்தான் இருந்தது.

"துப்பாக்கியை நெல்டா கண்ணை மூடின வாரமே என் தம்பிகிட்ட கொடுத்துட்டேன். அந்த வீட்டுல நானும் அதுவும் மட்டும் தனியா இருக்க வேண்டாம்னு தோணிச்சு. நீ சண்டை போட்டா ஒரு மணி நேரம் போகுது... அதான்."

"தெரியும். முதல் நாளே எதிர்க்கடைக் கண்ணாடியில பார்த்தேன், டேப்பை எங்கேயிருந்து எடுக்குறீங்கன்னு."

"அப்புறம் எதுக்கு இத்தனை போர்டு?"

ரமோனா அவர் முன்னால் காபியை வைத்துவிட்டு அச்சுக்கடைக்கு போன் போட்டாள்.

"யோவ், வாரத்துக்கு ஒரு தப்பு வச்சு அடின்னுதானே சொன்னேன்? உன்னை யாருய்யா திருத்தச் சொன்னது!"