கீழ போய் நில்லு

"முட்டை, நீ கீழ போ!"

மெஷின்காரர் போட்ட அதட்டலில், உட்காரலாம் என்று நாற்காலியை இழுத்த முட்டை அப்படியே நின்றுவிட்டான்.

"கடைசி மேட்ச் ஆச்சேண்ணே. ஒரே ஒரு ஓவர் பார்த்துட்டு..."

"கடைசிங்கறதாலதான்டா சொல்றேன். போ!"

அச்சகத்து மாடியில் டிவியைச் சுற்றி மொத்தப் பேரும் கூடியிருந்தார்கள். மெஷினை நிறுத்திக்கொள்ள முதலாளியே அனுமதி கொடுத்திருந்தார். கொடுக்காவிட்டாலும் நிறுத்தியிருப்பார்கள், அது வேறு விஷயம். இன்றோடு நம்மாளு ஓய்வு பெறுகிறார். ஊர் உலகத்துக்கு அவர் பெரிய பேட்ஸ்மேன். இந்த அச்சகத்துக்கு அவர் வெறும் 'நம்மாளு'. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதே இல்லை.

முட்டையையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பேப்பர் வெட்டுகிற ஆள், தலை நரைத்துவிட்டது. எந்தக் காலத்திலோ, அவன் வந்து உட்காரும் நேரமாகப் பார்த்து நம்மாளு இரண்டு மூன்று தடவை ரன் எடுக்காமல் அவுட்டாகித் தொலைத்தார். அன்றைக்கு மெஷின்காரர் வைத்த பெயர்தான் முட்டை. அதிலிருந்து நம்மாளு மட்டையோடு இறங்கினால் முட்டை பேப்பர் ரூமுக்கு இறங்கிவிட வேண்டும். மேலே கைதட்டல் கேட்டால் கீழே அவன் தனியாகக் கை தட்டுவான்.

வீட்டிலாவது பார்த்துத் தொலைக்கலாம் அல்லவா? மாட்டான். கேட்டுக் கேட்டு, தன் கண்ணுக்கு ராசியில்லை என்று அவனே நம்பிவிட்டான். எல்லாம் முடிந்த பிறகு ஹைலைட்ஸ்தான்.

"பாவம்யா. இன்னிக்கு விட்டா இனிமே எப்பப் பார்ப்பான்?" என்றார் பைண்டர்.

"அவன் பாவத்தைப் பார்த்தா நம்மாளு கதி என்னாகிறது? போறப்ப முட்டை வாங்கிட்டுப் போகணுமா?"

மெஷின்காரர் விடவில்லை. நம்மாளு ஆட வந்த வருடம்தான் இவருக்கும் இந்த மெஷின் கைக்கு வந்தது. சம்பளம் ஏறவில்லை, வீடு கட்டவில்லை, இடுப்பு போனதுதான் மிச்சம். ஆனால் நம்மாளு ஒரு சிக்சர் அடித்தால் அன்றைக்கு இவரும் ஜெயித்த மாதிரி. நாளையிலிருந்து அதுவும் இல்லை.

முட்டை நாற்காலியை இருந்த இடத்திலேயே தள்ளி வைத்தான். படியிறங்கிப் போனான்.

நம்மாளு வந்தார். எல்லைக்கோட்டைத் தாண்டும் முன் குனிந்து, மண்ணைத் தொட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டார். மைதானமே எழுந்து நின்றது. மெஷின்காரர் பொலபொலவென்று அழுதுவிட்டார்.

முதல் பந்து.

ஸ்டம்ப் எகிறிப் போய் விழுந்தது.

முதலில் கணக்கர்தான் வாயைத் திறந்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடியே மரியாதையா போயிருக்கணும். ஒட்டிக்கிட்டே கிடந்தா இப்படித்தான்."

"கண்ணு மங்கிப் போச்சு. ஆனா ஆசை விட்டாத்தானே!" என்றார் பைண்டர்.

யார் என்ன சொன்னாலும் மெஷின்காரர் சொல்லியிருக்கக் கூடாது. அவர்தான் எல்லாரையும் விடச் சத்தமாகக் கத்தினார்.

"கிழட்டுப் பய! போறதுதான் போனான், எங்க மானத்தையும் சேர்த்து வாங்கிட்டுப் போறானே!"

வாசலில் நிழல் தட்டியது. முட்டை நின்றிருந்தான்.

"மன்னிச்சுக்குங்கண்ணே. மனசு கேக்கலை. கீழ போற மாதிரி போயிட்டு, கதவு இடுக்கு வழியா பார்த்துட்டேன். அவரு இறங்கினதிலேர்ந்தே பார்த்தேன்."

அவ்வளவுதான். மெஷின்காரர் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தார்.

"பாவி! உன் கொள்ளிக்கண்ணால இன்னிக்கும் கெடுத்துட்டியேடா! நீ உருப்படுவியா?"

ஆளாளுக்கு வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். பரிந்து பேசிய பைண்டர்கூட, "சனியனே, சொன்னா கேக்க மாட்டியா?" என்றார். முட்டை தலையைத் தொங்கப் போட்டபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

டிவியில் நம்மாளு மெல்லத் திரும்பி நடந்துகொண்டிருந்தார்.

"அவரு என்னய்யா பண்ணுவாரு, பாவம்? இவன் பார்க்காம இருந்திருந்தா செஞ்சுரிதான்" என்றார் கணக்கர். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மெஷின்காரர் டிவியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். துக்கம் குறையவில்லை, நெஞ்சில் ஏறிய பாரம் மட்டும் கொஞ்சம் இறங்கியது.

சாயங்காலம் மெஷின்காரர் குழாயடியில் கை மையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முட்டை பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே..."

"என்கிட்ட பேசாதே."

"ஒண்ணே ஒண்ணுண்ணே. இன்னிக்கு அவரு மைதானத்துக்குள்ள எப்படிண்ணே இறங்கி வந்தாரு? ஹைலைட்ஸ்ல அதை மட்டும் காட்டவே மாட்டாங்க."

மெஷின்காரரின் கையில் துணி அப்படியே நின்றது.

"இறங்கினதிலேர்ந்தே பார்த்தேன்னியேடா?"

முட்டை நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நீங்க எல்லாரும் திட்டினது கீழ வரைக்கும் கேட்டுச்சுண்ணே. எனக்குன்னா அது பழகிப்போச்சு. அவரு... போற அன்னிக்கு நம்மகிட்ட திட்டு வாங்கலாமாண்ணே?"