கட்டடம் மறந்த பேச்சு

கேட்கவும் பேசவும் தெரிந்த அந்த அடுக்குமாடிக் கட்டடம், தன்னைக் கட்டும்போது காதில் விழுவதில் எதையெல்லாம் நினைவில் வைக்க வேண்டும் என்று திட்டமிட்டவள் பூங்கோதை. கட்டி முடித்த இரண்டே வருடத்தில் பால்கனி ஒன்று இடிந்து, ஒரு பெண் காலை இழந்தாள். பழி கொத்தனார் சவரிமுத்துவின் மேல் விழுந்தது.

விசாரணை அதிகாரியின் முன்னால் அவர் கட்டடத்திடமே கேட்டார்: "பால்கனிக்குக் கம்பி பத்தாதுன்னு அன்னிக்கே உங்கிட்ட சொன்னேனே?"

"அப்படி ஒரு பதிவு இல்லை," என்றது கட்டடம்.

சவரிமுத்து தலைகுனிந்தார். "அப்ப நாந்தான் சொல்லாம விட்டுட்டேன் போலிருக்கு."

விசாரணைக்கு வந்திருந்த பூங்கோதையால் அதற்கு மேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "தொழிலாளிங்க பேச்சு தேவையில்லன்னு மாசாமாசம் அழிக்கச் சொன்னது நான்தான் சார்."

சவரிமுத்து ஆவலோடு திரும்பினார். "அப்ப நான் சொன்னேன்தானேம்மா?"

அழிப்பதற்கு முன் ஒரு நாளாவது அவள் அதையெல்லாம் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள்.