நீச்சல் பாடத்துக்கு அனுமதி

வெள்ளத்தில் நீந்துவதை முதுகலைப் பாடமாக்கச் சொல்லி, நீர்நாய் பாடத்திட்டக் குழுவிடம் விண்ணப்பித்தது.

"வேற எந்தப் பல்கலைக்கழகத்துலயாவது இது இருக்கா?" என்றது தலைவர் ஆடு.

"இல்லைங்க ஐயா."

"முன்மாதிரி இல்லாம எப்படி அனுமதிக்கிறது?"

மறு வருடம் அக்கரைப் பல்கலைக்கழகம் அதே பாடத்தைத் தொடங்கியது. நீர்நாய் ஓடிவந்து சொன்னது.

"அதான் அங்கேயே இருக்கே, இங்கே எதுக்கு?" என்றது உறுப்பினர் மயில்.

"தலைப்பை மாத்தி எழுதிட்டு வாங்க. அடுத்த கூட்டம் தை மாசம்," என்றது ஆடு.

நீர்நாய் விண்ணப்பத்தை அவர்கள் கண்ணெதிரே கிழித்துப் போட்டது.

"வெள்ளம் ஐப்பசியிலேயே வந்துரும். நாளைக்கே ஆத்துல வகுப்பை ஆரம்பிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் முதல் வரிசையில வந்து உட்காருங்க. இந்த ஊர்ல நீந்தத் தெரியாதவங்க நீங்கதான்."