வாஷர்

வாடை முதலில் அவளுக்குத்தான் தெரிந்தது.

இருக்கைக்கு அடியில் கையை விட்டுப் பையைத் தடவினாள். அடிப்பக்கம் பிசுபிசுத்தது. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

பக்கத்தில் முகுந்தன் கைபேசியில் ஏதோ படித்துக்கொண்டிருந்தான். மருமகன். அவளைச் சென்னைக்கு அழைத்துப்போக வந்தவன்.

பையில் இருந்தது நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு. மகள் கேட்டது. மாசமாக இருக்கிறவள், போனில் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"கொஞ்சம் போதும்மா. இங்க முட்டைகூட உள்ள வராது. அவருக்கும் தெரிய வேண்டாம்."

பகல் ரயில். தலைக்குமேல் மின்விசிறி வாடையைச் சுற்றிச் சுற்றிப் பரப்பியது.

பழைய காபித்தூள் பாட்டில் அது. மூடிக்குள் ஒட்டியிருந்த வாஷரில் காபி மணம் போகவே இல்லை. கத்தி முனையால் நெம்பி எடுத்துக் கழுவி, சமையலறை ஜன்னலில் காயவைத்தாள். அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. துணியைப் போட்டுப் பிடித்து மூடியைத் திருகினாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே திரும்பியது. நல்ல இறுக்கம் என்று அப்போது சந்தோஷப்பட்டாள்.

திருகு மரை மூடியைப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் அதனால் முடியும். எண்ணெயைத் தடுப்பது, மூடிக்கும் பாட்டிலின் வாய்க்கும் நடுவே நசுங்கிக் கிடக்கும் அந்த மெல்லிய வட்டம்.

அது ஜன்னலிலேயே கிடந்தது.

"என்ன நாத்தம் இது?" என்றார் எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்.

ஆளுக்கு ஆள் மூக்கைச் சுளித்தார்கள். பிறகு எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது.

திருச்சியில் ஏறிய பெண். எதிர் இருக்கையில் ஜன்னலோரம். காலடியில் ஈரச் சாக்கு போர்த்திய கூடை. சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் கோடாக ஓடியிருந்தது.

"வெத்தலைங்க," என்றாள் அந்தப் பெண், யாரும் கேட்பதற்கு முன்பே.

சாக்கின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள். யாரும் குனிந்து பார்க்கவில்லை.

அவள் மட்டும் பார்த்தாள். பச்சைப் பசேலென்று இளம் வெற்றிலை. அடுக்கு அடுக்காக.

"மீன் கூடையெல்லாம் இதுல ஏத்தக் கூடாதும்மா," என்றார் பேப்பர்காரர்.

"டிக்கெட்டு இருக்குங்க." இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்க்கப் போனாள் அந்தப் பெண்.

இப்போது சொல்லிவிடலாம். என் பைதான் என்று இரண்டு வார்த்தை. வாய்வரை வந்தது. பக்கத்தில் முகுந்தன். வீட்டில் அவன் அம்மா. அந்த வீட்டுக்குள் மகள்.

முகுந்தன் கைபேசியை மடியில் வைத்தான். அவன் குரல் எப்போதும்போல் தணிவாகத்தான் இருந்தது.

"கொஞ்ச நேரம் கதவுப் பக்கம் வச்சுக்குங்களேன். அத்தைக்கு வயசாச்சு. குமட்டும் பாருங்க."

அந்தப் பெண் சுருக்குப் பையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். முகுந்தன் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். நீயாவது சொல்லேன் என்பதுபோல.

அவள் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

முந்தானையில்தான் அந்த வாடை இருந்தது. விரலைத் துடைத்த இடம். கையை எடுக்கவும் முடியவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பெண் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

வாடை போகவில்லை.

"கூடை போனாலும் நாத்தம் நிக்கத்தான் செய்யும்," என்றார் பேப்பர்காரர். யாரோ ஜன்னலை உயர்த்தினார்கள். காலியான இருக்கையில் ஒருவர் காலை நீட்டிக்கொண்டார்.

கதவருகே அந்தப் பெண் கூடையோடு நின்றுகொண்டே வந்தாள். ஒருமுறைகூட உள்ளே திரும்பவில்லை. இறங்கும்போது கூடையைத் தலைக்குத் தூக்கிவிட ஆளில்லை. தானே முட்டியில் தாங்கி, தானே ஏற்றிக்கொண்டாள். அதை அவள் தன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழும்பூர் வந்தது.

முகுந்தன் குனிந்து பையை இழுத்தான். நிமிர்ந்தபோது உள்ளங்கையில் சிவப்பாக எண்ணெய். அதைப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோனான்.

"மாப்பிள்ளை…"

தரையைப் பார்த்தாள்.

அவன் கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். பேப்பர்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு வழிவிட்டான்.

"அவங்க எங்க இறங்கினாங்க அத்தை?"

"விழுப்புரம்."

தலையாட்டினான். எண்ணெய் மேலும் சிந்தாமல் பையை நிமிர்த்தி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டான்.

அந்தப் பெண் நின்ற கதவு பக்கத்திலேயே இருந்தது. எல்லோரும் அதன் வழியாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

முகுந்தன் திரும்பி, காலியான இருக்கைகளுக்கு நடுவே, பெட்டியின் மறுமுனைக் கதவை நோக்கி நடந்தான்.

அவளும் பின்னாலேயே போனாள்.