ஆறாவது சிட்டிங்

மூட்டுவலிக்கென்று சொல்லிவிட்டு மாதாமாதம் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாவை, தோல் டாக்டர் அறை வாசலில் வைத்துப் பிடித்தாள் பூவிழி. இரண்டு பேருக்கும் இடது கன்னத்தில், நாவல்பழச் சாறு கொட்டின மாதிரி, பிறவியிலேயே ஒரே திட்டு. "கொலசாமி வெச்ச முத்திரைடி, அழிக்க நெனச்சாலே குடும்பம் வெளங்காது" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தவள் அம்மா. போன வருஷம், கல்யாணத்துக்கு முன்னால் லேசர் வைக்கச் சொன்ன மாப்பிள்ளை வீட்டாரை, கொடுத்த காபியைக்கூடக் குடிக்கவிடாமல் துரத்தியவளும் இவளேதான். பூவிழிக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. இருந்தும் அம்மா பேச்சைத் தட்டவில்லை.

"கோமளம்மா, லேசருக்கு ஆறாவது சிட்டிங், உள்ள வாங்க" என்றாள் நர்ஸ்.

பூவிழியும் பின்னாலேயே நுழைந்தாள். நர்ஸ் பவுடரைத் துடைத்ததும் அம்மாவின் திட்டு வெளிறிப்போய்த் தெரிந்தது.

"என்னைய மட்டும் எதுக்கும்மா தடுத்த?"

"உனக்கு அது எடுப்பா இருக்குடி. எனக்கு ஒருநாளாச்சும் வெறும் மூஞ்சியப் பாத்துக்கணும்னு..."

"கூட இருக்கறவங்களும் போட்டுக்கணும்" என்று நர்ஸ் கறுப்புக் கண்ணாடி ஒன்றை நீட்டினாள். பூவிழி மாட்டிக்கொண்டாள். படுக்கையிலிருந்து அம்மாவின் கை நீண்டது.

"சுள்ளுனு இருக்கும். கையப் பிடிச்சுக்க கண்ணு."

பூவிழி தன் இரண்டு கைகளையும் கக்கத்துக்குள் செருகிக்கொண்டாள்.