மூன்றாவது தந்தி

மேடைக்குப் பின்னால் இருக்கும் சிறிய அறையில் குழல்விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருக்கிறது. அக்காவின் மடியில் எலக்ட்ரிக் கிட்டார். மூன்றாவது தந்தியை விரலால் தள்ளி வளைத்து விடுகிறாள், சுருதி இறங்கிவிடுகிறது. இடது கை தலைப்பக்கத் திருகுக்குப் போய் ஒரு முறுக்கு முறுக்குகிறது. வளைத்தால் மறுபடி இறங்குகிறது. ஒரு வருடமாக இதே கூத்து. போன நிகழ்ச்சியில் பாதிப் பாட்டில் நிறுத்தி முறுக்கியபோது யாரோ விசிலடித்துச் சிரித்தார்கள். சுவருக்கு அப்பால் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கூடிக்கொண்டே போகிறது. "இன்னிக்கு மாட்டின புதுத் தந்திய நல்லா இழுத்து விட்டியா?" என்கிறான் டிரம்ஸ் வாசிக்கும் தம்பி. "நூறு வாட்டி இழுத்தாச்சு. உயிர வாங்காத." அவன் குனிந்து கிட்டார் கழுத்தின் உச்சியில் காதை வைக்கிறான். "இப்ப முறுக்கு." 'டிக்' என்று எதுவோ தாவுகிறது. "திருகு மேல தப்பில்லக்கா. கழுத்து உச்சியில தந்தி உக்கார்ற இந்த வெள்ளைக் கட்டை இருக்குல்ல, அதோட பள்ளத்துல சிக்கிக்குது. பென்சில் கரி தேச்சா வழுக்கும்." தந்தியைத் தளர்த்தி விலக்கி, பாட்டு வரிசை எழுதிய பென்சிலால் பள்ளத்தைக் கறுக்கக் கறுக்கத் தேய்க்கிறான். தந்தியைத் திரும்ப உட்காரவைத்துச் சுருதி சேர்க்கிறாள். வளைக்கிறாள். இறங்கவில்லை. நாலு தடவை வளைத்தும் இம்மி நகரவில்லை. கதவு தட்டப்படுகிறது: "வாங்க, அடுத்து நீங்கதான்." அக்கா எழுந்து பட்டையைத் தோளில் மாட்டி, கடைசியாக ஒருமுறை வளைத்து விடுகிறாள். சுருதி கல் மாதிரி நிற்கிறது. "கைய எடு, அக்கா!" என்று தம்பி கத்துவதற்குள் அவள் இடது கை திருகுக்குப் போய், எப்போதும்போல், ஒரு முறுக்கு முறுக்கிவிடுகிறது.