கடைவாய்ப்பல்லில் கடுகளவு

“முதல்ல அந்த ஜன்னலை நல்லாத் திறந்து வைங்க டாக்டர். எடுக்கும்போது ஆவி கிளம்புமாமே!”

பல் மருத்துவர் கையுறையை மாட்டியபடியே நிமிர்ந்து பார்த்தார். சாய்வு நாற்காலியில் படுத்திருந்தது மனைவி; பதறியது பக்கத்தில் நின்ற கணவர். தோளில் கிடந்த துண்டால் மூக்கையும் வாயையும் அதற்குள் மூடிக்கொண்டிருந்தார். மெருகுக்காரர் என்றால்தான் தெருவில் அவரைத் தெரியும். மங்கிப்போன விளக்கு, கேடயம், கதவுக் கைப்பிடி என்று எதைக் கொடுத்தாலும் வீட்டிலேயே வைத்துப் பளபளவென்று ஆக்கித் தந்துவிடுவார்.

“ஜன்னல் திறந்துதான் இருக்குங்க” என்றார் மருத்துவர். “இன்னொரு தடவை சொல்றேன். அம்மா பல்லுல அடைச்சிருக்கிறது பாதரசம் கலந்ததுதான். ஆனா அது வெள்ளியோட சேர்ந்து கெட்டியாயிடுச்சு. அதுலேருந்து கசியறது ரொம்ப ரொம்பக் கொஞ்சம். அதனாலதான் கை நடுங்குதுன்னு என்னால சொல்ல முடியாது.”

“அப்ப இவளுக்கு ஏன் நடுங்குது?”

ஒரே மூச்சில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் அவர் மனைவி. இப்போது அவள் எடுத்து வரும் தேநீரில் பாதி தட்டில்தான் கிடக்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துவிடுகிறாள். போன வாரம் கூடப்பிறந்த தங்கையின் பெயர் நாக்கில் வராமல் உட்கார்ந்து அழுதாள். அவள் இல்லாமல் தனக்கு ஒரு நாளும் ஓடாது என்பது மெருகுக்காரருக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் தெரியாது. பிறகு, முடிவெட்டும் கடையில் பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டியபோது குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கினான்.

“பாதரசம் நரம்பைத் தின்னுடும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான் டாக்டர். நீங்க என்னடான்னா சாவகாசமாப் பேசறீங்க.”

“ஆவியா மூச்சுல போனா மோசம்தான், நான் இல்லேங்கலை. வீட்டுல வேற எங்கயாவது பாதரசம் இருக்கா? காய்ச்சல் பாக்கற கண்ணாடிக் குழாய் ஏதாவது உடைஞ்சுதா?”

“பாதரசமா? எங்க வீட்டுலயா?” அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “எலி விஷத்தைக்கூட வாசப்படி ஏத்தாதவன் நான்!”

“சரி சரி. நீங்க வேற ஏதாவது மருந்து எடுத்துக்கறீங்களாம்மா?”

“மருந்தெல்லாம் அவரோட சமாச்சாரம்...” என்று அவள் ஆரம்பித்தாள்.

“மாத்திரையைக் கண்டாலே ஓடற ஆளு டாக்டர் இவ. அதெல்லாம் ஒண்ணும் கிடையாது” என்று அவர் குறுக்கே விழுந்தார்.

“பாத்தீங்களா, எப்படி எரிஞ்சு விழறார்னு? முன்னெல்லாம் தங்கமான மனுஷன். இப்ப தொட்டதுக்கெல்லாம் மூக்குக்கு மேல கோபம். இவருக்கு ஒரு பல்லுகூட அடைக்கலையே, இது எதனால வருதாம்?”

“அது என் இலாகா இல்லம்மா” என்று சிரித்தார் மருத்துவர்.

அடைப்பின் ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. எப்படியும் மாற்ற வேண்டியதுதான் என்பதால்தான் மருத்துவர் கருவியைக் கையில் எடுத்தார். தண்ணீர் பீய்ச்சியது, உறிஞ்சு குழாய் இரைந்தது. மெருகுக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்த பிறகு வந்து, தட்டில் கிடந்த சாம்பல் நிறத் துணுக்குகளை எட்ட நின்றே எட்டிப் பார்த்தார்.

“இத்தனூண்டா? கடுகளவுதானே இருக்கு! இதுவா என் பொண்டாட்டியை இந்தப் பாடு படுத்துச்சு? குப்பையில கிப்பையில போட்டுடாதீங்க டாக்டர், நாலு பேர் நடமாடற இடம்.”

“அதுக்குன்னு தனியா மூடி போட்ட டப்பா வச்சிருக்கோம். நீங்க அவங்களை நரம்பு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க. தள்ளிப் போடாதீங்க.”

“பாக்கலாம், பாக்கலாம்” என்றார். இனி காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக வேலை காத்திருந்தது. தங்க முலாம் கேட்டு யாரோ கொடுத்துவிட்டுப் போன பெரிய விளக்கு. பின்கட்டு அறையின் ஜன்னல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சாத்தினார். காற்று அடித்தால் தீ அலையும். போதாததற்கு, எதிர்வீட்டுக்காரனுக்குப் பாம்புக் கண். தொழில் ரகசியம் வெளியே போய்விடக் கூடாது. மனைவி வழக்கம்போல அடுப்புக்கு முன்னால் மணையைப் போட்டு உட்கார்ந்தாள்.

“இனிமே பாரு, உன் கை கல்லு மாதிரி நிக்கும்.”

“நிஜமாவாங்க?” அவள் கண் கலங்கியது.

“விஷத்தைத்தான் வேரோட பிடுங்கியாச்சே! சரி, அந்த மருந்தை எடு.”

அவள் அலமாரியிலிருந்து கனத்த புட்டியை இரண்டு கையாலும் பிடித்து எடுத்து, தங்கத் தூள் இருந்த கிண்ணத்தில் சாய்த்தாள். கை நடுங்கியதில் வெளியே சிந்தியது, வெள்ளி மணிகளாகச் சிதறித் தரையெல்லாம் உருண்டு ஓடியது. அவற்றை அவர் பதறாமல் உள்ளங்கையில் கூட்டி எடுத்துக் கிண்ணத்திலேயே போட்டார். குழைத்து விளக்கின் மேல் பூசி, தணலில் காட்டினார்.

“மருந்து மொத்தமும் புகையாப் போயிடணும், தங்கம் மட்டும் நிக்கணும். நல்லாக் குனிஞ்சு பாத்துக்கிட்டே இரு, நிறம் மாறினதும் சொல்லு.”

அவள் குனிந்தாள். ஊரெல்லாம் பாதரசம் என்று சொல்லும் அந்தச் சரக்குக்கு, தொழில் சொல்லிக்கொடுத்தவர் வாயிலிருந்து கேட்ட ‘மருந்து’ என்ற பெயரைத் தவிர வேறொரு பெயர் இருப்பது மெருகுக்காரருக்குத் தெரியாது.